வாய்ப்புண் வாரக்கணக்கில் ஆறவில்லையா? தொட்டாலே உடையும் கொப்புளமா? ‘பெம்ஃபிகஸ்’ நோய் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலில் வாய்க்குள் ஒரு புண் வரும். "வயித்துல புண் இருக்கும், அதான் வாய்ல வருது" என்று மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை என ஒரு மாதம் போகும். ஆறவில்லை என்றதும் பல் டாக்டரிடம் போவார்கள். ஈறில் தடவ ஒரு ஜெல், கொப்பளிக்க ஒரு மருந்து. அதில் இன்னொரு மாதம்.

பிறகு ஒருநாள் மார்பிலோ முதுகிலோ நீர் கோத்த கொப்புளம் தெரியும். அக்கி என்று காவி பூசுவார்கள். அம்மை என்று வேப்பிலை வைத்துத் தனியாகப் படுக்க வைப்பார்கள். கொப்புளம் உடையும், ஆனால் ஆறாது. பக்கத்திலேயே இன்னொன்று வரும். சட்டை ஒட்டிக்கொண்டு தோலோடு உரிந்து வரும். தோல் மருத்துவரிடம் வந்து சேரும்போது மாதங்கள் ஓடியிருக்கும்.

‘பெம்ஃபிகஸ் வல்காரிஸ்’ என்ற அரிய தோல் நோயால் பாதிக்கப்படும் பலரும் கடந்து வரும் பாதை கிட்டத்தட்ட இதுதான். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நோய் இது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் கட்டுப்படுத்தக்கூடியது. இது எப்படி வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன சிகிச்சை இருக்கிறது என்று விரிவாகப் பார்க்கலாம்.

பெம்ஃபிகஸ் என்றால் என்ன?

‘பெம்ஃபிக்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கொப்புளம் என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்தான் பெம்ஃபிகஸ். இது ஒரே நோய் அல்ல, தோலிலும் வாய் போன்ற ஈரமான உள்சவ்வுகளிலும் கொப்புளங்களை உண்டாக்கும் சில நோய்களின் குடும்பம். அதில் அதிகம் பேருக்கு வருவது பெம்ஃபிகஸ் வல்காரிஸ். ‘வல்காரிஸ்’ என்றால் லத்தீனில் ‘வழக்கமாகக் காணப்படுவது’ என்று அர்த்தம்.

இது ஓர் ஆட்டோ இம்யூன் நோய். அதாவது, கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பாற்ற வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே, ஆள் அடையாளம் தெரியாமல் நம் உடலைத் தாக்குகிறது. முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களும் இதே வகைதான். அவை மூட்டையும் பிற உறுப்புகளையும் தாக்குகின்றன. பெம்ஃபிகஸ் தாக்குவது தோலை.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

நம் மேல்தோல் என்பது அடுக்கடுக்காக நிற்கும் செல்களால் ஆனது. இந்த செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் ‘கைகள்’ ஒரு வகைப் புரதங்கள். அவற்றின் பெயர் டெஸ்மோகிளீன். இதில் முக்கியமானவை இரண்டு: டெஸ்மோகிளீன் 1, டெஸ்மோகிளீன் 3.

பெம்ஃபிகஸ் வந்தவர்களின் உடல், இந்தக் கைகளையே எதிரி என்று நினைத்து ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. அந்த ஆன்டிபாடிகள் வந்து ஒட்டிக்கொண்டதும் செல்களின் பிடி விட்டுப்போகிறது. செல்கள் பிரிந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. அதுதான் கொப்புளம்.

பிளவு மேல்தோலுக்குள்ளேயே, மேலாக நடப்பதால் கொப்புளத்தின் மேல்பக்கம் மிக மெல்லியதாக இருக்கும். அதனால்தான் பெம்ஃபிகஸ் கொப்புளம் தளதளவென்று தொங்கும், லேசாக உரசினாலே உடையும். பல நோயாளிகள் டாக்டரிடம் வரும்போது முழுக் கொப்புளம் ஒன்றுகூட இருக்காது. தோல் உரிந்த, ஈரமான, எரிச்சலான புண்கள் மட்டுமே இருக்கும்.

நோயாளியின் ரத்தத்தில் இப்படிப்பட்ட ஆன்டிபாடிகள் இருப்பதை 1964-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்னஸ்ட் பியூட்னர், ராபர்ட் ஜோர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பெம்ஃபிகஸ் ஓர் ஆட்டோ இம்யூன் நோய் என்பது அதன் பிறகுதான் உறுதியானது.

ஏன் வாயில்தான் முதலில் வருகிறது?

பெம்ஃபிகஸ் வல்காரிஸ் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் அறிகுறி வாயில்தான். தோலில் கொப்புளம் வர அதன் பிறகு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். சிலருக்கு வாயோடு நின்றுவிடுவதும் உண்டு.

காரணம் இதுதான். வாயின் உள்சவ்வில் செல்களைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் டெஸ்மோகிளீன் 3. அது தாக்கப்பட்டால் வாய்க்கு வேறு ஆதரவு இல்லை. தோலில் அப்படி இல்லை, அங்கே டெஸ்மோகிளீன் 1 துணைக்கு இருக்கிறது. டெஸ்மோகிளீன் 3-க்கு எதிராக மட்டும் ஆன்டிபாடி இருக்கும்வரை தோல் சமாளித்துக்கொள்ளும். 1-க்கும் எதிராக ஆன்டிபாடி உருவாகும்போது தோலிலும் கொப்புளம் வெடிக்கும்.

டெஸ்மோகிளீன் 1 மட்டும் தாக்கப்பட்டால் அது இன்னொரு வகை. அதற்கு ‘பெம்ஃபிகஸ் ஃபோலியேஷியஸ்’ என்று பெயர். அதில் வாய்ப்புண் வருவதில்லை. தலை, முகம், மார்பு, முதுகில் செதில் செதிலாக உரியும்.

யாருக்கு வரும்? எவ்வளவு அரிது?

இது அரிய நோய்தான். கேரளாவின் திருச்சூர் மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் சுமார் 4.4 பேருக்குப் புதிதாக பெம்ஃபிகஸ் வருவதாகத் தெரியவந்தது. சின்ன எண்ணிக்கைதான். ஆனால் கோடிக்கணக்கான மக்கள் உள்ள ஒரு மாநிலத்தில் இது ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கானோரின் பிரச்சினை.

மேற்கு நாடுகளில் பொதுவாக 50, 60 வயதுகளில் அதிகம் பார்க்கப்படும் இந்த நோய், இந்தியாவில் அதைவிட இளம் வயதிலேயே, வீட்டைத் தூக்கி நிறுத்தும் வயதில் இருப்பவர்களுக்கும் வருகிறது. ஆண், பெண் இருவருக்கும் வரும். குழந்தைகளுக்கு வருவது அபூர்வம்.

ஏன் வருகிறது? நாம் செய்த தப்பா?

"என்ன சாப்பிட்டேன்னு தெரியல, எதோ ஒத்துக்கல" என்று பலரும் தங்களையே நொந்துகொள்வார்கள். இது நீங்கள் செய்த தப்பு அல்ல. சுத்தமில்லாததாலோ, பாவத்தாலோ, சாபத்தாலோ வருவதும் அல்ல.

சில மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம். யூத சமூகத்தின் ஒரு பிரிவினரிடம் பெம்ஃபிகஸ் கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். ஆனால் அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் பரம்பரை நோய் அல்ல. உங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர்களுக்கும் வந்தே தீரும் என்று பயப்படத் தேவையில்லை.

பென்சிலமைன் போன்ற சில மருந்துகள் இந்த நோயைத் தூண்டக்கூடும். ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில் மருந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாதாரணப் புண்ணா, பெம்ஃபிகஸா? எப்படிச் சந்தேகப்படுவது?

நோயை உறுதி செய்வது டாக்டரின் வேலை. ஆனால் எப்போது சந்தேகப்பட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

- சாதாரண வாய்ப்புண்: சிறிய, வட்டமான புண். பெரும்பாலும் 1 முதல் 2 வாரத்தில் தானாக ஆறிவிடும். பெம்ஃபிகஸ் புண் ஒழுங்கற்ற வடிவில் பரவலாக இருக்கும். கன்னத்தின் உள்பக்கம், அண்ணம், ஈறு, தொண்டை வரை போகும். ஒரு இடம் ஆறுவதற்குள் இன்னொரு இடம் உரியும்.

- அக்கி: பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டை போல, கடுமையான வலியோடு வரும். சில வாரங்களில் அடங்கிவிடும். பெம்ஃபிகஸ் இரண்டு பக்கமும் வரும், தானாக அடங்காது.

- அம்மை: காய்ச்சலோடு வரும். சின்னச் சின்னக் கொப்புளங்கள் ஒரு வாரம், பத்து நாளில் பொருக்கு தட்டி உதிரும். மூன்று வாரமாகியும் புதுப்புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தால் அது அம்மை அல்ல.

- பெம்ஃபிகாய்டு: பெயர் ஒத்துப்போவதால் பலரும் குழம்பும் நோய் இது. பெரும்பாலும் 60, 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். கடும் அரிப்பு இருக்கும். தோலின் ஆழத்தில் பிளவு நடப்பதால் கொப்புளம் விறைப்பாக, சீக்கிரம் உடையாமல் இருக்கும். வாயில் வருவது குறைவு. சர்க்கரை நோய்க்கான ‘கிளிப்டின்’ வகை மாத்திரைகளுக்கும் பெம்ஃபிகாய்டுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அதிலும் வில்டாகிளிப்டின் பெயர் அதிகம் வருகிறது. வயதான சர்க்கரை நோயாளிக்குக் கொப்புளம் வந்தால் இதை டாக்டரிடம் நினைவூட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

சுருக்கமாக ஒரு விதி: வாய்ப்புண் 3 வாரத்துக்கு மேல் ஆறவில்லை என்றால், காரணம் எதுவாக இருந்தாலும், டாக்டரைப் பாருங்கள். பெம்ஃபிகஸ் மட்டுமல்ல, வாய்ப் புற்றுநோயும் இப்படித்தான் ஆறாத புண்ணாகத் தொடங்கும்.

தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. பெம்ஃபிகஸ் கிருமியால் வரும் நோய் அல்ல. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, பக்கத்தில் படுத்தாலோ, தாம்பத்திய உறவாலோ பரவாது. புண்ணிலிருந்து வடியும் நீர் பட்டாலும் இந்த நோய் வராது.

ஆனால் நடப்பது வேறு. புண்ணைப் பார்த்ததும் தனி டம்ளர், தனிப் பாய் என்று ஒதுக்கிவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் எழுந்து போகிறார். உடம்பு எரியும்போது மனசும் எரிகிறது. பேரப்பிள்ளையைத் தூக்கவே பயந்துகொண்டு இருக்கும் பாட்டிக்கு முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை, "தாராளமா தூக்கலாம்மா" என்பதுதான்.

உண்மையில் பயப்பட வேண்டியது எதிர்த் திசையில். தோல் உரிந்திருப்பதாலும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுவதாலும், நம்மிடமிருந்து நோயாளிக்குத்தான் கிருமி தொற்றும். அவரைத் தொடும் முன் நாம் கை கழுவ வேண்டும். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

தோல் மருத்துவர் முதலில் கண்ணால் பார்த்தே ஓரளவு ஊகிப்பார். கொப்புளத்துக்கு அருகே உள்ள நல்ல தோலை விரலால் லேசாக அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார். மேல்தோல் வழுக்கி உரிந்தால் அது பெம்ஃபிகஸுக்கான ஒரு தடயம். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்ய மருத்துவர் நிகோல்ஸ்கி விவரித்ததால் இதற்கு ‘நிகோல்ஸ்கி அடையாளம்’ என்று பெயர். வீட்டில் நீங்களே தேய்த்துப் பார்க்கும் சோதனை அல்ல இது. புண்ணைத்தான் பெரிதாக்கும்.

அதன் பிறகு செய்யப்படும் பரிசோதனைகள்:

- சுரண்டல் சோதனை: புண்ணின் அடியிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பிடி விட்டுத் தனியாக மிதக்கும் செல்கள் தெரியும். செலவு குறைவு, சிறிது நேரத்தில் முடிவு தெரியும்.

- பயாப்ஸி: புதிதாக வந்த ஒரு கொப்புளத்தின் ஓரத்திலிருந்து, மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துண்டுத் தோலை எடுப்பார்கள். பிளவு எந்த அடுக்கில் நடந்திருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

- இம்யூனோஃப்ளோரசன்ஸ்: பக்கத்தில் இருக்கும் நல்ல தோலிலிருந்து இன்னொரு துண்டு எடுத்து, ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆன்டிபாடிகள் செல்களைச் சுற்றி மீன்வலை போல ஒளிரும். நோயை உறுதி செய்யும் முக்கியமான சோதனை இது. இந்தத் துண்டை வழக்கமான ஃபார்மலினில் போடக்கூடாது, இதற்கென்று தனித் திரவம் உண்டு.

- எலிசா ரத்தப் பரிசோதனை: டெஸ்மோகிளீன் 1, 3 இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும். சிகிச்சை வேலை செய்கிறதா என்று கண்காணிக்கவும் உதவும்.

"பயாப்ஸி எடுத்தா புற்றுநோயா மாறிடும்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது உண்மை அல்ல. இங்கே பயாப்ஸி எடுப்பது புற்றுநோய்க்காக மட்டும் அல்ல, எது நோய் என்று தெரிந்து சரியான மருந்தைத் தொடங்குவதற்காக.

சிகிச்சை என்ன?

1950-களுக்கு முன்பு பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள். தீக்காயம் பட்டவர்களைப் போலத்தான். உரிந்த தோல் வழியாக நீரும் புரதமும் உப்பும் வெளியேறும், அதே வழியாகக் கிருமி உள்ளே போகும். இன்றும் இந்த நோயில் உயிரிழப்புக்கு முக்கியக் காரணம் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவுவதுதான்.

ஸ்டீராய்டு: 1950-களில் வந்த இந்த மருந்துதான் கதையை மாற்றியது. பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகள் வேகமாக வேலை செய்யும். சில வாரங்களில் புதிய கொப்புளங்கள் குறையும். பிறகு டோஸைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஸ்டீராய்டு அளவைக் குறைக்க அசதியோப்ரின், மைக்கோபினோலேட் போன்ற துணை மருந்துகளையும் சேர்ப்பார்கள்.

பல்ஸ் தெரபி: இது இந்தியா கொடுத்த பங்களிப்பு. 1980-களின் தொடக்கத்தில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தோல் மருத்துவர் ஜே.எஸ்.பாஸ்ரிச்சா இதை பெம்ஃபிகஸுக்கு அறிமுகப்படுத்தினார். டெக்ஸாமெத்தசோன் 100 மில்லிகிராமை குளுக்கோஸ் டிரிப்பில் கலந்து தொடர்ந்து 3 நாள் ஏற்றுவார்கள். அதில் ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைடு 500 மில்லிகிராம் சேர்ப்பார்கள். 28 நாளுக்கு ஒருமுறை இது திரும்ப நடக்கும். இடைப்பட்ட நாட்களில் தினமும் குறைந்த டோஸ் சைக்ளோபாஸ்பமைடு மாத்திரை. விலை குறைந்த மருந்துகள் என்பதால் பல ஆண்டுகளாக இந்திய மருத்துவமனைகளில் ஏராளமானோருக்கு இதுவே கைகொடுத்தது. ஆனால் சைக்ளோபாஸ்பமைடு குழந்தைப்பேறு வாய்ப்பைப் பாதிக்கக்கூடும். இனி குழந்தை வேண்டும் என்று நினைக்கும் ஆணோ பெண்ணோ சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

ரிட்டுக்ஸிமாப்: ஆன்டிபாடிகள் உருவாகக் காரணமான ‘பி செல்’களைக் குறிவைத்து அழிக்கும் ஊசி மருந்து. முதலில் ரத்தப் புற்றுநோய்க்காக வந்தது. வழக்கமாக 1,000 மில்லிகிராம் வீதம் 2 வார இடைவெளியில் 2 முறை டிரிப்பில் ஏற்றுவார்கள். பிறகு தேவைக்கேற்பத் திரும்பக் கொடுப்பார்கள்.

பிரான்ஸில் நடந்து 2017-ல் ‘தி லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு இதற்குத் திருப்புமுனை. ரிட்டுக்ஸிமாப்புடன் குறுகிய கால ஸ்டீராய்டு பெற்றவர்களில் 89 சதவிகிதம் பேர் 2 ஆண்டு முடிவில் மருந்தே இல்லாமல் கொப்புளம் இன்றி இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் இது 34 சதவிகிதம்தான். 2018 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ பெம்ஃபிகஸ் வல்காரிஸுக்கு இந்த மருந்தை அங்கீகரித்தது.

இந்தியாவில் 2007-லேயே இதன் உள்நாட்டுத் தயாரிப்பான பயோசிமிலர் வந்துவிட்டதால் அசல் மருந்தை நம்பியே இருக்க வேண்டிய நிலை இல்லை. ஆனாலும் ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய செலவுதான். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் கேளுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று கேட்காமலே திரும்பிவிடாதீர்கள்.

இந்த ஊசிக்கு முன் ஹெபடைடிஸ் பி, காசநோய் போன்றவை மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். எதிர்ப்புச் சக்தி குறையும்போது இவை விழித்துக்கொள்ளும். எந்தத் தடுப்பூசியை முன்கூட்டியே போட வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"புண் ஆறிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" - ஏன் ஆபத்து?

பெம்ஃபிகஸ் சிகிச்சையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். இரண்டு காரணங்களால் இது ஆபத்து.

ஒன்று, வெளியே புண் ஆறினாலும் உள்ளே ஆன்டிபாடி இன்னும் இருக்கும். மருந்து நின்றதும் நோய் திரும்பிவரும்.

இரண்டு, இதுதான் பலருக்கும் தெரியாதது. நம் உடலே தினமும் கொஞ்சம் ஸ்டீராய்டைச் சுரக்கிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் மாத்திரையாகக் கிடைக்கும்போது, உடலின் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை விட்டால் உடலில் ஸ்டீராய்டே இல்லாத நிலை வரும். ரத்த அழுத்தம் விழும், மயக்கம், வாந்தி வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் டாக்டர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

ஸ்டீராய்டுக்குப் பக்கவிளைவுகள் உண்டு என்பது உண்மைதான். சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் கூடும், முகம் உப்பும், எலும்பு தேயும், கண்ணில் புரை வரலாம். அவற்றைச் சமாளிக்க வழி இருக்கிறது: சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி, கண் பரிசோதனை. பயந்து மாத்திரையை விடுவதற்குப் பதில், பயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டை நீங்களே வாங்கித் தொடர்வதும் அதே அளவு ஆபத்து. பெயர் தெரியாத ‘நாட்டுப் பொடி’களில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் புண் ஆறுவது போலவே தெரியும். எவ்வளவு உள்ளே போகிறது என்பது யாருக்கும் தெரியாது.

வீட்டில் எப்படிக் கவனிப்பது?

- வாழை இலை: தமிழக அரசு மருத்துவமனைகளின் தோல் வார்டுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு முழுக்கப் புண் உள்ளவரைச் சுத்தம் செய்த வாழை இலையில் படுக்க வைப்பார்கள். இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சியாக இருக்கும். படுக்கை விரிப்பு ஒட்டி உரியும் கொடுமை இல்லை. இது மருந்து அல்ல, படுக்கைக்கான வசதி. இலையைச் சுத்தம் செய்து, அழுக்கானதும் மாற்ற வேண்டும்.

- உடை: பழகிய, தளர்வான பருத்தித் துணி. இறுக்கமான நாடா, எலாஸ்டிக் வேண்டாம்.

- குளியல்: தேய்க்கக் கூடாது. தண்ணீரை ஊற்றி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பயன்படுத்தச் சொன்னால், சொன்ன அளவில் நன்றாகக் கரைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். அடர்த்தியாக இருந்தால் தோலைச் சுட்டுவிடும்.

- கொப்புளம்: நீங்களே கிள்ளவோ, மேல்தோலை உரிக்கவோ வேண்டாம். பெரிய கொப்புளத்தின் நீரை மட்டும் சுத்தமான ஊசியால் நர்ஸ் வெளியேற்றுவார். மேல்தோல் அப்படியே மூடியாக இருந்தால் புண்ணுக்குப் பாதுகாப்பு.

- பூச்சு வேண்டாம்: மஞ்சள், சாம்பல், காவி, பச்சிலை அரைத்துப் பூசுவது திறந்த புண்ணில் கிருமியைக் கொண்டுசேர்க்கும்.

- வாய்: மிக மென்மையான பிரஷ். டாக்டர் எழுதித்தரும் கொப்பளிப்பு மருந்தைப் பயன்படுத்துங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை கூடவே கூடாது.

என்ன சாப்பிடலாம்?

வாய்ப்புண் இருக்கும்போது சாப்பாட்டைப் பார்த்தாலே கண்ணீர் வரும். அதனால் பலர் பட்டினி கிடந்து மெலிந்துபோகிறார்கள். புண் வழியாகப் புரதம் வெளியேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது இன்னும் கெடுதல்.

குழைந்த தயிர் சாதம், ஆறிய கஞ்சி, இட்லியைப் பாலில் ஊறவைத்தது, மசித்த பருப்பு, வேகவைத்த முட்டையை மசித்தது, வாழைப்பழம் போன்றவை எரிச்சல் இல்லாமல் இறங்கும். சூடாக வேண்டாம், ஆறவிட்டுக் கொடுங்கள். காரம், புளி, ஊறுகாய், அப்பளம், முறுக்கு போன்றவை வாயைக் கீறும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் உப்பையும் சர்க்கரையையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பூண்டு, வெங்காயம் இந்த நோயைத் தூண்டுமா என்று ஒரு சந்தேகம் மருத்துவ உலகில் உண்டு. ஆனால் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு நிரூபணம் இல்லை. சாப்பிட்டபின் உங்களுக்குக் கூடுகிறது என்று தெரிந்தால் தவிர்க்கலாம். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் பெம்ஃபிகஸ் குணமாகாது.

கர்ப்பமாகலாமா?

ஆகலாம், ஆனால் திட்டமிட்டு. நோய் கட்டுக்குள் வந்து, கருவைப் பாதிக்கும் மருந்துகளை டாக்டர் மாற்றிய பிறகு கருத்தரிப்பதுதான் பாதுகாப்பு. தாயின் ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகப் போவதால் சில குழந்தைகள் கொப்புளத்தோடு பிறக்கலாம். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி தீரத்தீர, பொதுவாகச் சில வாரங்களில் அது மறைந்துவிடும். குழந்தைக்கு அந்த நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

- காய்ச்சல், குளிர் நடுக்கம், குழப்பமான பேச்சு
- புண்ணில் சீழ், துர்நாற்றம், சுற்றிலும் சிவந்து சூடாக இருப்பது
- தண்ணீர்கூட விழுங்க முடியாத நிலை, சிறுநீர் குறைவது
- ஒரே நாளில் பல இடங்களில் புதிய கொப்புளங்கள்
- கண் சிவந்து வலிப்பது
- ஸ்டீராய்டு நின்றுபோய் மயக்கம், தொடர் வாந்தி

இவற்றில் எது இருந்தாலும் அடுத்த செக்-அப் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

முழுமையாகக் குணமாகுமா?

நோயை வேரோடு அழித்துவிட்டோம் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல், சிலர் மாத்திரையே இல்லாமல், வேலைக்குப் போய் வருகிறார்கள். நோய் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு என்பதால் செக்-அப்பை மட்டும் விடக்கூடாது.

இன்னொரு ஆறுதல், பிளவு தோலின் மேலடுக்கில் நடப்பதால் பெம்ஃபிகஸ் புண்கள் பொதுவாகத் தழும்பை விட்டுச்செல்வதில்லை. கறுத்த தடம் இருக்கும், அதுவும் மெல்ல மெல்ல மங்கும்.

இந்த நோயில் மருந்து அளவுக்கே முக்கியம் நேரம். வாயில் புண் மட்டும் இருக்கும்போதே கண்டுபிடித்தால் போராட்டம் சிறியது. உடம்பெல்லாம் உரிந்த பிறகு வந்தால் அது ஐ.சி.யூ வரை போகலாம். எனவே உங்கள் வீட்டில் யாராவது "வாய்ப்புண் ஆறவே மாட்டேங்குது, சாப்பிடவே முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தால், எத்தனை வாரமாக என்று கேளுங்கள். மூன்று வாரம் தாண்டியிருந்தால், கீரையோடு நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. சிகிச்சையைத் தொடங்கவோ, மாற்றவோ, நிறுத்தவோ உங்கள் மருத்துவரின் ஆலோசனை அவசியம்.)